இரண்டேகாலுக்கு மூடும் கதவு

மூன்றாவது வீட்டுக்கு நடக்கும்போதுதான் பெண்களுக்குக் குதிகால் வலிக்கத் தொடங்கும். அதற்காக நான் எப்போதும் பிளாஸ்திரி வைத்திருப்பேன். பிளாஸ்திரி, ஊக்கு, புதினா மிட்டாய், கிழியாத காலுறை இரண்டு ஜோடி. வழிகாட்டிகளில் சிலர் வெறுங்கையோடு வருவார்கள். என் குழுவில் பதினொரு பெண்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒருத்திகூடக் கிழிந்த காலுறையோடு எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை.

போன ஜனவரியில் காவல் நிலையத்தின் இதே அறையில் இதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. அப்போது நான் சாட்சி. உங்கள் அறிக்கையின் நகலை ரோவனின் அம்மா எனக்குக் காட்டினார். மேரிட் சோல்ஹைம் என்ற என் பெயர் அதில் நான்கு இடங்களில் வருகிறது. நான்கிலும் எழுத்துப்பிழை இல்லை. நல்ல அறிக்கை. ஆனால் அதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை, நானாக வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இந்த ஊர்க்காரர். மேட்டில் இருக்கும் ஐந்து வீடுகளும் உங்களுக்குத் தெரியும். உங்கள் தம்பி கோடையில் அங்கே புல் வெட்டியதாகக்கூடச் சொன்னீர்கள். ஆனால் உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்காது. வெளியே சொராரிட்டி, கல்லூரிப் பெண்கள் சங்கம் என்பார்கள். நாங்கள் வீடு என்றுதான் சொல்வோம். ஜனவரியில் இரண்டு வாரம் முதலாண்டுப் பெண்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுவார்கள். வீடு அவர்களைப் பார்க்கும், அவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள். கடைசி நாளில் ஒவ்வொருத்திக்கும் இரண்டு வீடுகள் மிஞ்சும். அன்று மாலை ஐந்து மணிக்கு இரண்டையும் விருப்ப வரிசையில் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன்பிறகு மாற்ற முடியாது.

ஐந்தில் நான்கு வீடுகள் பன்னாட்டுச் சங்கங்களின் கிளைகள். ஏரியைப் பார்த்து நிற்கிறதே, வெள்ளைத் தூண்கள் வைத்தது, அதற்கு மட்டும் நூற்று நாற்பது கிளைகள். கனடாவில் பன்னிரண்டு, இங்கிலாந்தில் ஒன்று. எல்லாக் கிளையிலும் ஒரே பாட்டு, ஒரே வரவேற்பு, ஒரே எலுமிச்சைக் கேக். அந்தத் தூண்கள் மரத்தின்மேல் பூச்சு. தட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது, பிரிண்ட்லி வீடு. உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான். 1911இல் ஏழு பெண்கள் தொடங்கினார்கள். மாடிப்படிச் சுவரில் எல்லாருடைய பெயரும் அவரவர் கையெழுத்தில் பென்சிலால் இருக்கும். என் அம்மாவின் பெயர் ஏழாவது படிக்கு மேலே. என் பெயர் பதினேழாவது படியில். நான் அந்த வீட்டுப் பெண்.

கல்லூரி விதிப்படி ஒரு வீட்டில் இருபது பேராவது இருக்க வேண்டும். நாங்கள் பத்தொன்பது பேர். பிப்ரவரி முதல் தேதிக்குள் இருபது ஆகாவிட்டால் ஏதாவது ஒரு பன்னாட்டுச் சங்கத்தோடு சேர்ந்துவிடுங்கள், இல்லையென்றால் கட்டடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று டீன் எழுதியிருந்தார். அக்டோபரிலேயே ஒரு சங்கத்தின் தலைமையகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்துவிட்டார். கையில் அளவு நாடா. கூடத்தை அளந்தார். பிறகு மாடிப்படிச் சுவரை அளந்தார்.

"இதுல வெள்ளை அடிச்சுட்டா போதும்மா, வீடே பளிச்சுன்னு ஆயிடும்" என்றார்.

"பேரையெல்லாம் போட்டோ எடுத்து வெச்சுக்கலாம்" என்றாள் கெல்சி. அவள் எங்கள் தலைவி. தலைவி அப்படிச் சொன்னாள். நான் அந்தப் பெண்மணிக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

என்னை வழிகாட்டியாகப் போகச் சொன்னதும் கெல்சிதான். "நீ போடி. உன் மூஞ்சியப் பார்த்து யாராலயும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

வழிகாட்டிகள் தாங்கள் எந்த வீடு என்று சொல்லக்கூடாது. இரண்டு வாரம் சொந்த வீட்டில் தூங்கக்கூடாது, அங்கே யாரோடும் பேசக்கூடாது. எல்லாரும் ஒரே பச்சைச் சட்டை. எந்த வீட்டையும் புகழக்கூடாது, பழிக்கக்கூடாது. பெண்களை நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவோம். உள்ளே பையும் போனும் கோட்டும் அனுமதியில்லை. அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்போம். நான் அந்த விதிகளைக் கடைசி நாள் மதியம் வரை மீறவில்லை.

ரோவன் ஹாஸ்கெட்டுக்குப் பதினெட்டு வயது. அப்பா ராணுவத்தில் டாங்கி பழுது பார்க்கிறவர். அவள் பதினொரு பள்ளிக்கூடங்களில் படித்திருந்தாள். அதனால் யாரோடும் இரண்டு நிமிடத்தில் ஒட்டிக்கொள்வாள்.

முதல் நாளே சொன்னாள், "மேரிட், நீ எந்த வீடுன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"அதெல்லாம் சொல்லக்கூடாது."

"தூண் வீடு. உன் கோட்டுல ஒரு பட்டன்கூடத் தொங்கல. அவங்கதான் இப்படி இஸ்திரி போட்ட மாதிரி இருப்பாங்க."

என்னைத் தூண் வீடு என்றதில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

பிரிண்ட்லியில் முதல் சுற்று முடிந்து வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டே வந்தாள். "அங்க ஒரு ஜன்னல் மூடவே மாட்டேங்குது. குளிர் காத்து நேரா முதுகுல. என் பேர் எழுதின அட்டைய மடிச்சு இடுக்குல சொருகிட்டேன். ஒருத்தியும் பார்க்கல. நல்ல கூட்டம்டா சாமி, அத்தனை பேர் இருந்தும் ஒரு ஜன்னலுக்கு ஆளில்ல."

கூடத்தில் மூன்றாவது ஜன்னல். ஒன்பது வருடமாக அது மூடவில்லை. அவள் பேசிக்கொண்டே மூடிவிட்டு வந்திருக்கிறாள். அவள் எங்களுடையவள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

என் கையில் ஒவ்வொருத்தியின் உடல்நலக் குறிப்பும் இருந்தது. ரோவனுடையதில் இப்படி இருந்தது: ஆஸ்துமா. குளிர்காற்று ஆகாது. நீல இன்ஹேலர், பையின் முன் அறையில். நான்காவது நாள் மேட்டு ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு இழுத்தது. நான்தான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை உறிஞ்சினாள். நூலக வராந்தாவில் இருபது நிமிடம் உட்கார்ந்தோம்.

"பயந்துட்டியா? இது சும்மா. என் மூச்சு கொஞ்சம் நாடகக்காரி" என்றாள்.

அந்த இருபது நிமிடத்தில் ஒரு வீட்டின் சுற்றைத் தவறவிட்டாள். விதிப்படி அந்த வீடு அவள் பட்டியலிலிருந்து தானாக நீங்கியது. ஒருவருக்கும் வருத்தமில்லை. எவ்வளவு சுலபம் என்று பார்த்தேன். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் போதும்.

கடைசி நாள் சனிக்கிழமை. காலையில் வழிகாட்டிகளுக்குப் பட்டியல் கொடுத்தார்கள். தூண் வீட்டுக்கு நாற்பத்தாறு பெண்கள். பிரிண்ட்லிக்கு ஒருத்தி. மற்றவர்கள் எங்களைக் கழித்துவிட்டிருந்தார்கள். ஒரே ஊரில் கிடக்கும் வீடு எதற்கு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்த ஒருத்தி ரோவன். அவளுக்கு ஒரு மணிக்குப் பிரிண்ட்லி, இரண்டேகாலுக்குத் தூண் வீடு.

அவளும் நானும் மட்டும் தனியாக நடந்ததை நான் திட்டமிட்டதாக நீங்கள் எழுதக்கூடாது. அவள் ஒருத்தி மட்டுமே எங்களை மிச்சம் வைத்திருந்ததால் அப்படி ஆயிற்று. அதற்கு மற்ற நாற்பத்தைந்து பேரைக் கேளுங்கள்.

அன்று வெயில் இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு டிகிரி. பிரிண்ட்லி வாசலில் அவள் பையையும் கோட்டையும் வாங்கிக்கொண்டேன். என் சொந்த வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் ஒற்றைப் பையோடு நின்றேன். உள்ளே பத்தொன்பதில் நான் போக மீதி பதினெட்டுப் பேரும் ஒரு பெண்ணுக்காகப் பாடிக்கொண்டிருந்தார்கள். கெல்சியின் குரல் எப்போதும்போல் சுருதி விலகியது. அப்போதுதான் பையின் முன் அறையிலிருந்து இன்ஹேலரை எடுத்து என் கோட்டின் வெளிப்பையில் போட்டுக்கொண்டேன். அவளுடைய கம்பளிக் கழுத்துக்குட்டை பைக்குள் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். குட்டையால் வாயை மூடிக்கொண்டு நடந்தால் காற்று கொஞ்சம் சூடாக உள்ளே போகும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

என் எண்ணம் இவ்வளவுதான். நான்காவது நாள் நடந்தது இன்னொரு முறை நடக்கும். அவள் உட்காருவாள். நான் தேடுவேன். தூண் வீட்டின் கதவு மூடும். பிறகு இன்ஹேலர் அகப்படும். மாலையில் அவள் சீட்டில் எழுத ஒரே ஒரு வீடு இருக்கும்.

கண் சிவந்து வெளியே வந்தாள். "சீ, அழ வெச்சிட்டாளுங்க" என்றாள்.

குறுக்குவழிப் படிகளில் போனால் எட்டு நிமிடம். அங்கே பனி உறைந்திருந்தது. இது உங்கள் அறிக்கையிலும் இருக்கிறது. காலையிலேயே உப்புத் தூவிவிட்டார்கள் என்பது அறிக்கையில் இல்லை. நான் ஏரிப் பாதையில் கூட்டிப்போனேன். இருபத்தைந்து நிமிடம். காற்று எதிரே அடித்தது. அவள் கழுத்துக்குட்டையைக் கேட்கவில்லை. பேசிக்கொண்டே வந்தாள். நான் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன்.

"நீயா இருந்தா எதை எழுதுவே?" என்றாள்.

"உன் மனசுக்கு எது சரின்னு படுதோ அதை எழுது."

"கிளிப்பிள்ளை. இதையேதான் ரெண்டு வாரமா சொல்றே." கொஞ்ச தூரம் நடந்தாள். "எனக்குப் பிரிண்ட்லிதான் பிடிச்சிருக்கு. அங்க யாரும் நடிக்கல. அந்தச் சுவரைப் பார்த்தியா நீ? பார்த்திருக்க மாட்டே. எல்லாப் பேரும் பென்சில்ல இருக்கு."

"அப்புறம் என்ன?"

"என்னன்னா, நாலு வருஷம் கழிச்சு நான் எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாது. எங்க அப்பாகூட ஊர் ஊரா போனேனே, ஒவ்வொரு ஊர்லயும் முதல் மாசம் சாப்பாட்டு மேசையில தனியாத்தான் உட்காருவேன். தூண் வீட்டுல சேர்ந்தா எந்த ஊருக்குப் போனாலும் தட்டுறதுக்கு ஒரு கதவு இருக்கும். எலுமிச்சைக் கேக் நல்லா இல்லதான். தின்னுட்டுப் போறேன்."

"அப்ப முடிவு பண்ணிட்டே."

"பண்ணிட்டேன். பிரிண்ட்லி பொண்ணுங்க என்னைத் திட்டுவாங்க இல்ல?"

"திட்டமாட்டாங்க" என்றேன். "நேரமாச்சு, கொஞ்சம் வேகமா நட."

படகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். மணி இரண்டு எட்டு. மார்பில் அந்தச் சீழ்க்கைச் சத்தம் கேட்டது. கையை நீட்டி, "பை" என்றாள். பையைத் திறந்து முன் அறையைப் பார்த்தேன். பிறகு மற்ற அறைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கொட்டகைத் திண்டில் வைத்தேன். சீப்பு, சாவி, கழுத்துக்குட்டை. அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

அங்கிருந்து பார்த்தால் உறைந்த ஏரிக்கு அந்தப் பக்கம் தூண் வீட்டின் வாசல் நேராகத் தெரியும். கதவு திறந்திருந்தது. வெள்ளை உடையில் இரண்டு பெண்கள் வாசலில் நின்று எங்கள் பக்கம் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன். சரியாக இரண்டேகாலுக்கு உள்ளே பாட்டு தொடங்கும், கதவை மூடுவார்கள். ஐந்து வீட்டிலும் அதுதான் வழக்கம். ஒரு நிமிடம் தாமதித்து வந்தவளையும் உள்ளே விடமாட்டார்கள்.

இரண்டு பத்துக்கு இன்ஹேலரை வெளியே எடுத்தேன். அவள் பார்த்தாள். நான் பேசினேன். அமைதியாகத்தான் பேசினேன். "ரோவன், நான் பிரிண்ட்லி. நீ மூடினியே, அது எங்க ஜன்னல். எங்களுக்கு ஒருத்திதான் வேணும்" என்றேன். விதியை மீறிய இடம் இதுதான். சுற்று முடியும் முன் என் வீட்டைச் சொல்லிவிட்டேன். வழிகாட்டியாக நான் செய்த ஒரே பிழை.

அவள் கையை நீட்டினாள். எட்டவில்லை.

"சாயங்காலம் எங்க பேரை எழுதுவியா?" என்று கேட்டேன்.

தலையாட்டினாள். இரண்டு முறை. அப்போது மணி இரண்டு பன்னிரண்டு. இதைத்தான் உங்கள் அறிக்கையில் காணோம்.

பாட்டு தொடங்கியது. ஏரிமேல் குரல் நன்றாகக் கேட்கும். கதவு மூடியது. இன்ஹேலரை அவள் கையில் கொடுத்தேன். விரல்கள் பிடிக்கவில்லை. நானே அவள் வாயில் வைத்து அழுத்தினேன். குளிரில் அது சரியாகப் பீய்ச்சவில்லை. உடம்புச் சூடு படும்படி உள்பையில் வைத்திருக்க வேண்டும். வெளிப்பையில் வைத்தது கவனக்குறைவு. அதற்காக வருந்துகிறேன்.

இரண்டு பதினேழுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் வரும்வரை மார்பை அழுத்திக்கொண்டிருந்தேன். என் கையில் நான்கு நாள் வலி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் இறந்துபோனாள். "பையில் இருந்த நெரிசலில் இன்ஹேலர் உடனே அகப்படவில்லை" என்று எழுதினீர்கள். வழிகாட்டி தன்னால் முடிந்ததைச் செய்தாள் என்று எழுதினீர்கள். கல்லூரி எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது.

இதெல்லாம் அப்படியே இருந்திருக்கலாம். எனக்குக் குறையில்லை. துக்கத்தை முன்னிட்டு டீன் எங்களுக்கு ஒரு வருடம் அவகாசம் தந்தார். ரோவனின் பெயரை நான் சுவரில் எழுதினேன். என் பெயருக்கு அடுத்து, பதினெட்டாவது படியில். முந்தைய சுற்றுகளில் அவள் எழுதிய சீட்டுகளைப் பார்த்துக் கையெழுத்தைப் பழகிக்கொண்டுதான் எழுதினேன். இப்போது இருபது பேர் என்று நான் சொன்னபோது கெல்சி என்னையே பார்த்தாள். "மேரிட், போய்த் தூங்கு" என்றாள். செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். என்னைத் தவிர எல்லாரும் பன்னாட்டுச் சங்கத்துக்குக் கை தூக்கினார்கள். வருகிற திங்கட்கிழமை சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். விசாரணையில் இருக்கும் சுவரில் அடிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் நான் வந்தது அதற்காக மட்டும் இல்லை. தூண் வீட்டுக்காரர்கள் ஏரிக்கரையில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதே படகுக் கொட்டகைக்குப் பக்கத்தில். "எங்கள் சகோதரி ரோவன்" என்று பித்தளைத் தகடு. அவள் அவர்கள் வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. நூற்று நாற்பது ஊரிலும் அவள் படத்தை மாட்டியிருக்கிறார்கள். அவள் அம்மாவுக்குத் தலைமையகத்திலிருந்து சங்கத்தின் ஊசிப் பதக்கம் போயிருக்கிறது. போன வாரம் அவர் அதைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நான் எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒரு பொண்ணு கதவைத் திறந்து உள்ள கூப்பிடுதும்மா. அவ ஆசைப்பட்டது இதுதானே?"

"அவங்க வீட்டை அவ எடுக்கல, மிஸஸ் ஹாஸ்கெட். கடைசியா எங்க வீட்டைத்தான் எடுத்தா."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "எப்பச் சொன்னா?"

எப்போது என்று சொன்னால் எங்கே என்று சொல்ல வேண்டும். எங்கே என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் யோசித்தேன். அவளுடைய கடைசி விருப்பத்துக்கு நான் ஒருத்திதான் சாட்சி. நான் வாயை மூடிக்கொண்டால் அந்தத் தகடு பொய்யாகவே நூறு வருடம் இருக்கும். அவளுக்கு நான் அந்த நியாயத்தையாவது செய்ய வேண்டாமா?

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். இன்ஹேலரை எடுத்தது நான். ஏழு நிமிடம் கொடுக்காமல் வைத்திருந்தது நான். இதில் எனக்கு மறுப்பு இல்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்திடுகிறேன். கூடவே, இரண்டு பன்னிரண்டுக்கு ரோவன் ஹாஸ்கெட் தன் சொந்த விருப்பத்தோடு பிரிண்ட்லி வீட்டைத் தேர்ந்தெடுத்தாள் என்பதையும் எழுத வேண்டும். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. நான் கேட்டேன். அவள் தலையாட்டினாள்.

அவள்தான் தலையாட்டிவிட்டாளே, பிறகும் மூன்று நிமிடம் ஏன் கையிலேயே வைத்திருந்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் அவளை நம்பினேன். முழுமையாக நம்பினேன்.

ஆனால் எதிரே அந்தக் கதவு இன்னும் திறந்திருந்தது.